நாகேந்திரத்தாரும் நூற்று முப்பத்தொன்றும்

"பிள்ளையை எனக்குக் காட்டத் தேவையில்லை. மூன்று இலக்கத்தைத் தாங்கோ, பிள்ளையைப் பற்றி நான் சொல்லுறன்."

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடியில், கூடியிருந்த ஆசிரியர்களுக்கும் மூலையில் நின்ற ஒரு மின்விசிறிக்கும் முன்னால் திருவாளர் நாகேந்திரம் இப்படிப் பிரகடனம் செய்தார். மின்விசிறி மட்டும் தலையை ஆட்டியது.

நாகேந்திரத்தார் சாதாரண ஆள் அல்லர் என்று அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். இருபது வருடம் கணித ரியூசன் கொடுத்தவர். பிறகு கல்வி நிலையத்தின் டிரெக்டர் நவரத்தினம் அவரை இரண்டு வாரப் பயிற்சிக்கு பெங்களூருக்கு அனுப்பினார். போனபோது நாகேந்திரம் மாஸ்ரராகப் போனார். வந்தபோது ஒரு மடிக்கணினியுடன் 'மதிப்பீட்டு ஆலோசகர்' ஆக வந்தார். அன்றிலிருந்து வகுப்பறைக்குள் கால் வைப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். டொக்டர்மார் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நிற்பதில்லை என்பது அவருடைய நியாயம்.

அவர் கொண்டுவந்த சோதனையின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பிள்ளை கம்பியூட்டருக்கு முன்னால் உட்காரும். முதல் கேள்விக்குச் சரியான விடையை அழுத்தினால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். பிழையாக அழுத்தினால் கொஞ்சம் இலகுவாக வரும். இப்படி ஏறி இறங்கி முப்பது கேள்வி முடிந்ததும் இயந்திரம் ஒரு மூன்று இலக்க எண்ணைத் துப்பும். அது நூற்றுக்கு எத்தனை என்கிற புள்ளி அல்ல. இந்தப் பிள்ளைக்கு அடுத்ததாக எதைப் படிப்பிக்கலாம் என்று ஆசிரியருக்குக் காட்டும் கைகாட்டி. நூற்றெண்பது என்றால் பின்னத்தைத் தொடங்கலாம். நூற்றைம்பது என்றால் கடன் வாங்கிக் கழிப்பதையே இன்னும் ஒரு கிழமை இழுக்க வேண்டும்.

இந்த அருமையான விஷயத்தை ஆசிரியர்களின் தலைக்குள் ஏற்றுவதுதான் நாகேந்திரத்தாரின் உத்தியோகம். முதல் அதிர்ச்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. கொட்டாஞ்சேனைக் கிளையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் டோரின் டீச்சர், மூன்று இலக்கத்தைத் திரும்பியும் பார்க்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை சரி என்று இருந்து எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"சேர், எங்கட வகுப்பில முதலாம் பிள்ளைக்கும் பதினஞ்சு சரி. கடைசிப் பிள்ளைக்கும் பதினஞ்சு சரி. இது சோதனையா, நிவாரணப் பங்கீடா?"

மற்ற ஆசிரியர்களும் தலையைத் தூக்கினார்கள். எல்லோரும் வீட்டில் களவாக எண்ணித்தான் இருந்தார்கள். எல்லோருக்கும் பதினைந்துதான் வந்திருந்தது. வெட்கத்தில் அதுவரை ஒருவரும் வெளியே சொல்லவில்லை.

நாகேந்திரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், பாதி சரி, பாதி பிழை வாற இடத்தை மிஷின் தேடித் தேடிப் போகுது. அந்த இடத்திலதான் பிள்ளை நிக்குது. ஒரு பிள்ளை மாடியில நிக்கும், ஒண்டு படியில நிக்கும். ரெண்டுக்கும் பாதிதான் சரி வரும். எத்தனை சரி எண்டு பாக்கிறேல்ல. எந்தப் படியில எண்டு பாருங்கோ. அதுக்கேத்த மாதிரிப் படிப்பியுங்கோ. ஆர் முதல், ஆர் கடைசி எண்டு அடுக்கிறதுக்கில்லை இது."

மிக நல்ல பேச்சு. அதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. அடுத்த கிழமையே டிரெக்டர் நவரத்தினம் அவரைக் கூப்பிட்டு, முதல் யார், கடைசி யார் என்று அடுக்கித் தரச் சொன்னார். "நீர் கொண்டுவந்த இலக்கம் சோக்கான சாமான் ஐசே. இருநூறுக்கு மேல எடுத்த பிள்ளையளை எல்லாம் சனிக்கிழமையில இஞ்ச வெள்ளவத்தைக்கு எடுப்பம். புலமைப்பரிசிலுக்கு ஸ்பெசல் வகுப்பு."

'சோக்கான சாமான்' என்ற பாராட்டு நாகேந்திரத்தாரின் காதில் விழுந்த கணத்தில், படி, மாடி எல்லாம் அவருக்கு மறந்துபோனது. அடுக்கிக் கொடுத்தார்.

கொட்டாஞ்சேனைக் கிளையில் முதலில் நின்ற பெயர் பாக்கியலெட்சுமி. இருநூற்றுப் பதினான்கு. மட்டக்குளியில் தொடர்மாடி வீடு. அப்பா இருளப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. கட்டணம் இல்லாமல் படிக்கும் ஓர் இலவச இடம் கிளைக்குக் கிளை உண்டு; கொட்டாஞ்சேனையில் அது அவளுடையது. சனிக்கிழமைகளில் அவள் வெள்ளவத்தைக்கே வந்துபோனாலும், வகுப்பறைப் பக்கம் போகாத நாகேந்திரத்தார் அவளைக் கண்டதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களில் அவளைப் பற்றி நிறையப் பேசினார். இருநூற்றுப் பதினான்கு தசமத்துக்குத் தயார். இருநூற்றுப் பதினான்குக்கு வாசிப்பில் பயமில்லை. டோரின் டீச்சருக்கு ஒரு கட்டத்தில், இருநூற்றுப் பதினான்கு சாப்பிட்டதா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

வைகாசியில் இரண்டாம் சோதனை வந்தது. பாக்கியலெட்சுமி எடுத்த எண் நூற்று முப்பத்தொன்று.

நாகேந்திரத்தாரின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. நூற்று முப்பத்தொன்று என்பது முதலாம் வகுப்புப் பிள்ளையின் எண். அதற்குக் கீழே இயந்திரத்தில் எண்ணே கிடையாது. நாலு மாதத்தில் ஒரு பிள்ளை நாலு வகுப்பு இறங்கியதை அவர் பெங்களூரிலும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் இலக்கத்தை நம்பாமல் வேறு யாரை நம்புவது? மூன்று பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினார். தலைப்பு: 'திடீர்க் கற்றல் சரிவு'. சிபாரிசு: ஐஸ்பழக் குச்சிகளைக் கொடுத்து எண்ணப் பழக்குதல்.

டோரின் டீச்சர் சிபாரிசுப்படியே குச்சிகளைக் கொடுத்தார். பாக்கியலெட்சுமி அவற்றைக் கொண்டு மாடி வைத்த ஒரு வீடு கட்டினாள்.

டிரெக்டரும் அறிக்கையைப் படித்தார். அதாவது தலைப்பைப் படித்தார். "இந்தப் பிள்ளைக்கு இனி எதுக்கு இலவச இடம்? சனிக்கிழமையோட நிப்பாட்டும். கொட்டாஞ்சேனையில இன்னொரு பிள்ளை காத்துக்கொண்டு நிக்குது." புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. இந்த இடம் போனால் பாக்கியலெட்சுமிக்குப் படிக்க வேறு இடமில்லை என்பது டோரின் டீச்சருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவர் வகுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, வெள்ளவத்தைக்கு நேரில் வந்துவிட்டார்.

"சேர், நீங்க அந்தப் பிள்ளைய ஒரு நாளாவது கண்டிருக்கிறீங்களா?"

"காண வேண்டிய தேவை இல்லை டீச்சர். இலக்கம் கதைச்சிட்டுது."

"என்னோட நேத்து அவள் கதைச்சவள். கரும்பலகையில நான் பிழையாப் பெருக்கினதத் திருத்தினவள். நூத்தி முப்பத்தொண்டு திருத்துமா சேர்?"

"தற்செயலா இருக்கும்."

"என்ட பிழை தற்செயல். அவள் திருத்தினது தற்செயல் இல்ல."

"சரி, விடையளைக் காட்டுறன், நீங்களே பாருங்கோ" என்று நாகேந்திரத்தார் மடிக்கணினியைத் திறந்தார். டீச்சரின் வாயை மூடுவதுதான் அவருடைய எண்ணம். முப்பது விடைகளும் வரிசையாக வந்தன. முதலாவது பிழை. இரண்டாவது பிழை. அவர் திருப்தியோடு கீழே இறங்கினார். பத்தாவதும் பிழை. பதினைந்துக்கு வந்தபோது அவருடைய திருப்தி குறையத் தொடங்கியது. முப்பதாவது கேள்வியில் இரண்டு பூனைக்குட்டிகளின் படம். எத்தனை பூனை என்று கேள்வி. பாக்கியலெட்சுமி 'ஏழு' என்று அழுத்தியிருந்தாள்.

முப்பதும் பிழை.

நாகேந்திரத்தார் எழுந்து, யன்னலைத் திறந்து, திரும்ப மூடினார். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் ஏழெட்டு விடையாவது சரி வந்திருக்கும். கணித மாஸ்ரரான அவருக்கு அதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

"டீச்சர்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "முப்பதையும் பிழையா விடுறதெண்டால், முப்பதுக்கும் சரி எதெண்டு தெரிஞ்சிருக்க வேணும்."

டோரின் டீச்சர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "வேணுமெண்டு விட்டிருக்கிறாள். ஏன் சேர்?"

அந்தக் கேள்விக்கு இயந்திரத்தில் பொத்தான் இல்லை. நாகேந்திரத்தார் தேடிப் பார்த்தார்.

"தெரியாது" என்றார். இந்தச் சொல் அந்த அறையில் அவருடைய வாயிலிருந்து அதற்குமுன் வந்ததில்லை.

இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டார்கள். நாகேந்திரத்தாரின் வீடும் கல்வி நிலையமும் ஒரே ஒழுங்கையில் இருந்தன. அவருடைய உலகம் கடற்கரைப் பக்கமாக நடந்து முடிந்துவிடும். நகரத்தைக் குறுக்காகக் கடக்கும் பஸ்ஸில் அவர் ஏறி எவ்வளவு காலம் என்பது அவருக்கே நினைவில்லை. யுத்த காலம்; கோட்டைக்குக் கிட்ட இருந்த சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. துப்பாக்கியோடு ஏறிய சிப்பாய் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும், "பஹின்ட" என்று வாசலைக் காட்டினார். நாகேந்திரத்தார் இறங்கினார். அவரோடு இன்னும் நாலைந்து பேர் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. தானாகவே கூட இறங்கியிருந்த டோரின் டீச்சர், மணல்மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார்.

எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், யார் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்டார்கள். மதிப்பீட்டு ஆலோசகர் என்று சிங்களத்தில் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. டீச்சரைக் காட்டி, "டீச்சர்" என்றார். ஒரு மணித்தியாலம் போல நிற்க வைத்துவிட்டு, போகச் சொன்னார்கள்.

"இது எப்பவும் இப்பிடியோ?" என்று கேட்டார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்டைக்குக் கெதியா விட்டிட்டாங்க சேர்" என்றார் டீச்சர்.

பாக்கியலெட்சுமி வகுப்பறையின் பின்வரிசையில், கால்களை வாங்குக்குக் கீழே ஆட்டிக்கொண்டு இருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல். கோரைப்பல் ஒன்று முளைத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு சின்னப் பிள்ளையாக இருக்கும் என்று நாகேந்திரத்தார் எதிர்பார்க்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு என்றதும் அவர் மனதில் ஏதோ உயரமாக நின்றிருந்தது.

"ஏனம்மா எல்லாத்தையும் பிழையா விட்டனீ?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார்.

"கூட எடுத்தா வெள்ளவத்தைக்குத்தானே சேர் அனுப்புவீங்க."

"அது உன்ர நல்லதுக்குத்தானே."

"அப்பாதான் கூட்டிட்டு வரணும். அவரு அட்டையில பொறந்த ஊரு ஹட்டன்னு இருக்கு. ஒவ்வொரு சனிக்கெழமையும் எறக்கிருவாங்க. போன மாசம் காலையில எறக்குனாங்க. பொழுது சாயத்தான் விட்டாங்க."

"நீ?"

"அங்கனயே நின்னேன். ஒரு பொலிஸ் மாமா பிஸ்கட் குடுத்தாரு. நான் திங்கல." கொஞ்ச நேரம் பின்னலைப் பிடித்து முறுக்கினாள். "கொஞ்சமா கொறச்சாப் போதும்னுதான் நெனச்சேன் சேர். எவ்வளவு கொறைக்கணும்னு தெரியல. அதான் எல்லாத்தையும் பெழையா விட்டுட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நான் மக்காயிட்டேன்னு அம்மாக்கிட்ட சொல்லி அழுதாரு."

அதிர்ச்சியில் பல வகை உண்டு என்று நினைத்திருந்தவர் நாகேந்திரத்தார். கோப்பை பாதி வழியில் நிற்பது ஒரு வகை. இது அந்த வகை அல்ல. இருநூற்றுப் பதினான்கு என்றால் தசமத்துக்குத் தயார் என்று செவ்வாய்க்கிழமை தோறும் அவர் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், மட்டக்குளியில் ஒரு வீட்டில் அந்த எண்ணுக்கு வேறொரு பொருள் இருந்திருக்கிறது. சனிக்கிழமை போன அப்பா திரும்பி வருவாரா என்பது அந்தப் பொருள். அடுக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

"இனி அனுப்பமாட்டம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் டிரெக்டரின் அறைக்குப் போனார்.

"அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின்ர இலக்கம் பிழை. மிஷின் பிழை விட்டிட்டுது."

நவரத்தினம் நிமிர்ந்தார். "உம்மட மிஷின் பிழை விடாதெண்டு நீர்தானே ஊரெல்லாம் சொன்னீர்."

"இந்த முறை விட்டிட்டுது."

"அறிக்கை வேற எழுதித் தந்தீர். ஐஸ்பழக் குச்சி, அது இது எண்டு."

"அதுவும் பிழை. இலவச இடத்தில கை வையாதேங்கோ. அதோட, கொட்டாஞ்சேனைப் பிள்ளையளின்ர ஸ்பெசல் வகுப்பு இனி கொட்டாஞ்சேனையிலயே நடக்கட்டும்."

"ஆர் போறது அங்க? ஒரு மாஸ்ரரும் சனிக்கிழமையில பஸ் ஏறி அந்தப் பக்கம் போகமாட்டாங்கள்."

"நான் போறன்."

டிரெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீரோ? வகுப்புக்குள்ளயோ?"

"ஓம்."

"சரி, பிள்ளை இருக்கட்டும். ஓகஸ்டில பாஸ் பண்ணாட்டி உம்மைத்தான் கேப்பன்."

"கேளுங்கோ."

சனிக்கிழமை அவர் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கி வெகுநேரமாகியிருந்தது. எங்கே இறக்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கும் அது புதினமில்லை. மடிக்கணினி கையில் இல்லை. டோரின் டீச்சர் பலகையில் ஒரு தசமக் கணக்கை எழுதிவிட்டு, எல்லோரும் செய்யுங்கள் என்றார். பிள்ளைகளுக்கென்று செய்த ஒரு சின்னக் கதிரையை எடுத்துப் போட்டு, முழங்கால் நெஞ்சில் முட்ட, நாகேந்திரத்தார் பாக்கியலெட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் முதல் வரியை எழுதினாள். இரண்டாவதில் பென்சில் நின்றது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள்; பிறகு அவரைப் பார்த்தாள். கணக்கு விளங்காத பார்வையா, யன்னலுக்கு வெளியே அப்பாவைத் தேடும் பார்வையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எதில நிக்கிறாய் அம்மா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.