நீலம் பார்க்க ஆனைக்குட்டம் போனேன்

2025 ஜூன் 18, புதன்கிழமை, காலை 7.20. மேற்கே மேகம், மழையில்லை. குடையை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டு விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். டிக்கெட் 25 ரூபாய்.

என் தங்கை மகள் சுமதி வேதியியல் முனைவர். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வாணங்களுக்கு வண்ணம் சேர்ப்பவள். ஸ்பெயினில் ஒரு கம்பெனி அவளை அழைத்திருக்கிறது. “மாமா வேண்டாம்னா போகல” என்று சொல்லிவிட்டாள். தடுத்துவிட்டு வந்தால் வழிச்செலவைத் தருவதாகத் தங்கை வாக்களித்திருந்தாள். பஸ்ஸிலேயே ஏழு காரணங்களை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

8.20. சிவகாசியில் ஆட்டோ, காத்திருந்து திரும்ப 400 ரூபாய். விஷயத்தைக் கேட்ட ஓட்டுநர் சிரித்தார். “எங்க தெருவுல மூணு பேரு அச்சு பிரஸ் மெக்கானிக்கு அண்ணாச்சி. மூணு பேரும் இப்ப கென்யாவுல. நீங்க யாரத் தடுக்கப் போறீக?”

8.55. ஆலை வாசல். மதிப்பாக இருக்கட்டுமென்று பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தேன். காவலாளி கையை நீட்டினார்.

“போனையும் சட்டையையும் கழத்திக் குடுங்க. பாலியஸ்டர்ல பொறி பறக்கும்.”

அவர் தந்த பருத்திச் சட்டையில் ஆறு பொத்தானுக்கு ஐந்துதான் இருந்தது.

“வாங்க மாமா, சாப்பிட்டீகளா?” சுமதி என் சட்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

“சம்பளம் எம்புட்டு கூட?”

“மூணு மடங்கு. அதுக்கும்தான், இல்லைங்கல. ஆனா இத வந்து பாருங்க.”

கறுப்புத் துணியிட்ட சோதனை அறை. கண்ணாடிக்கு அப்பால் புளியங்கொட்டை அளவு வில்லை ஒன்று பற்றியது. நான்கு வினாடி. சங்குப்பூவின் நீலம்! என் எழுபத்தொரு தீபாவளியிலும் நான் காணாத நிறம்.

“இத ஏன் கடையில காணோம்?”

“செலவு கூடுதலாம். ‘சிவப்பும் பச்சையும் லோடு லோடாப் போகுது, நீலத்த எவன் கேட்டான்’ங்காக முதலாளி. ரெண்டு சீசனா டப்பாவுலயே கிடக்கு. ஸ்பெயின் கம்பெனில கேட்ட முதல் கேள்வியே, நீலம் வருமான்னுதான்.”

என் ஏழு காரணங்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு இன்னும் அருகே போனேன்.

“இன்னொன்னு கொளுத்து.”

“அப்ப போகட்டுமா மாமா?”

“போ. முதல்ல கொளுத்து.”

10.10. வாசலில் போனை வாங்கித் தங்கையை அழைத்தேன். சற்று அழுதாள்; பிறகு, “குளிருக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?” என்றாள். வைக்கும்போது, “அண்ணே, பஸ் காசு நீங்களே பாத்துக்கோங்க” என்றாள்.

ஓட்டுநருக்கும் எனக்கும் டீ 24. பஸ் போக வர 50. ஆட்டோ 400. ஆக மொத்தம், என் கையிலிருந்து, 474 ரூபாய்.