கட்டுப் போட்ட கண்ணும் கட்டுப்படாத வாயும்

கண் முகாமில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் சொட்டு மருந்து விடுவது, மீதி நேரம் "பேசாதீங்க, சிரிக்காதீங்க, தலைய ஆட்டாதீங்க" என்று கத்துவது. என்னைப் போல வார்டில் தொண்டை கட்டிப்போன சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் காலத்தில் புரை எடுத்தால் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவோம். வாயைக் கட்ட மட்டும் வழி இல்லை.

கூட வந்தவர்

எழுபதுகளின் கடைசியில், கோடை விடுமுறையில், பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு வகுப்பறைகளில் வரிசையாகப் பாய் விரித்தோம். குன்னத்திலிருந்து சின்னசாமி என்று ஒருவர் வந்தார். வெங்காயம், பருத்தி வெள்ளாமை. அறுபது தாண்டியவர். மனைவி போய் மூன்று வருஷம். மகன் வடக்கே எங்கோ வேலையில். எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில்தான் பதில்.

ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு நாள் சோறு ஊட்ட ஆள் வேண்டுமே என்று, "கூட யாருங்க வந்திருக்கா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முதன்முதலாக முழுசாக ரெண்டு வாக்கியம் பேசினார்.

"கூட வந்தது மாடுதாம்மா. அதையும் பங்காளி வண்டியோட ஓட்டிட்டுப் போயிட்டான்."

பச்சைச் சேலை

அவருக்கு அடுத்த பாயில் காதர் பாய். ஊர் லெப்பைக்குடிக்காடு. முப்பது வருஷம் சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர். கண் மங்கியதும் சைக்கிளை விட்டார். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில், வீட்டம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மனிதர் சுவரோடுகூடப் பேசுவார். ஆபரேஷன் முடிந்து கண் கட்டிய மறுநாள் காலை, பக்கத்தில் யார் என்றே தெரியாமல் ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கு எந்த ஊருங்க?"

"குன்னம்."

"குன்னமா! அங்க புளியமரத்து வூட்டுல ஒரு அம்மா இருப்பாங்க. அம்பது சேலைய விரிக்கச் சொல்லுவாங்க, ஒண்ணு எடுப்பாங்க. ஆனா மிச்சத்தை எல்லாம் மூலை பிசகாம அவங்களே மடிச்சுக் குடுப்பாங்க. முப்பது வருஷத்துல எனக்கு அப்படி மடிச்சுக் குடுத்தது அவங்க ஒருத்தருதான். கடைசியா ஒரு பச்சைச் சேலை எடுத்தாங்க."

நான் பக்கத்துப் பாயில் ஒருவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்னசாமி தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் மெதுவாகக் குரல் கொடுத்தார்.

"அவ பேரு செல்லம்மா, பாய். இன்னும் சொல்லுங்க."

சிரித்த குற்றம்

அதற்கப்புறம் இருவரையும் அடக்க என்னால் முடியவில்லை. எந்த ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு எந்த மாப்பிள்ளை வேட்டி போதாமல் தவித்தான் என்று பாய் சொல்லச் சொல்ல, மூன்று வருஷமாகச் சிரிக்காத மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூன்றாம் நாள் டாக்டர் கட்டு மாற்றும்போது சின்னசாமி கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் என்னைத் திட்டிய திட்டில் வராந்தா பெஞ்சுகளே நடுங்கின. "இன்னொரு தடவை கசிஞ்சா இந்தக் கண்ணு அவ்வளவுதான்" என்றார்.

நான் பாயைப் பாயோடு இழுத்துக் கடைசி வகுப்பறையில் போட்டேன். அவரும் பயந்துபோய் ஓதிக்கொண்டே கிடந்தார். இங்கே சின்னசாமி மத்தியானக் கஞ்சியை வேண்டாம் என்றார். ராத்திரிக் கஞ்சியையும் வேண்டாம் என்றார். "கண்ணு முக்கியமில்லீங்களா?" என்று கெஞ்சினேன்.

"ஒரு கண்ணு போனா இன்னொரு கண்ணு இருக்கு நர்சம்மா. பேச ஆளு ஏது?"

டீச்சரும் அஞ்சலையும்

பெண்கள் அறையில் வேறு கதை. வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருந்த டீச்சர் ஒருவர். ரிட்டையர் ஆனவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் பக்கத்தில் வேப்பந்தட்டைக்காரி அஞ்சலை, ஆயுசு பூராவும் காட்டு வேலைக்குப் போனவர். முதல் நாள் "சத்தம் போடாதே" என்று டீச்சர் வகுப்பில் அதட்டுவது போல அதட்டினார். மூன்றாம் நாள் டீச்சருக்கு ஜெபப் புத்தகம் படிக்க முடியாத ஏக்கம். அஞ்சலை களை எடுக்கிற பாட்டு ஒன்றை மெல்லப் பாட, அடுத்த அடி எனக்கும் சொல்லிக் கொடு என்று டீச்சர் கேட்பது என் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போகும் நாளில் டீச்சர், "விலாசம் சொல்லும்மா, லெட்டர் போடறேன்" என்றார். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லெட்டர் போட்டா யாரு படிக்கிறது? நீங்களே வந்து படிச்சுக் காட்டிட்டுப் போங்க டீச்சர்."

கட்டு அவிழ்த்த நாள்

சின்னசாமி பட்டினி கிடக்கக் கூடாதே என்று, சோகக் கதை மட்டும்தான் சொல்வேன் என்று பாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவரை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். கட்டு அவிழ்க்கும் நாளில் முதலில் பாயைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. "அண்ணனுக்கு முதல்ல பாருங்க. அவருக்குக் கண்ணு தெரிஞ்சாத்தான் நான் என் கண்ணைத் தொறப்பேன்" என்று பிடிவாதம். டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தாலும் சின்னசாமியிடம் போனார். கட்டு அவிழ்ந்தது. கசிந்திருந்த ரத்தம் வற்றி, கண் தெளிந்திருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

சின்னசாமி டாக்டரைப் பார்க்கவில்லை. குரலை வைத்துப் பாயை ஆறடி ஆள் என்று அவர் நினைத்திருந்தாராம். பக்கத்துப் பாயில் கிடந்ததோ, ஒரு சாக்கு மூட்டைக்குள் அடங்கிவிடும் உருவம். சின்னசாமி குனிந்து குனிந்து பார்த்தார்.

"இவ்ளோண்டு ஒடம்புக்குள்ளயா பாய், அத்தனை ஊரு இருந்துச்சு?"

இரண்டாவது கண்

ஒன்றரை மாசம் கழித்துக் கண்ணாடி சரிபார்க்க வரச் சொல்லியிருந்தோம். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாரத்தில் ரெண்டு நாள் பாய் குன்னத்துக்கு வந்துவிடுகிறாராம். வெங்காயம் தரம் பிரிக்கிறேன் என்று பேர், பேச்சுத்தான் வேலை. டாக்டர் சோதித்துவிட்டு, "சின்னசாமி, இன்னொரு கண்ணுலயும் புரை முத்திடுச்சு. அடுத்த முகாம்ல எடுத்துடலாம். பாய்க்கு இன்னும் முத்தல, ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

சின்னசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப எனக்கும் முத்தலன்னு எழுதிக்குங்க டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒண்ணா முத்தட்டும்."

மறு வருஷ முகாமில் இருவருக்கும் அடுத்தடுத்த பாயில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் காது வலிக்கு மருந்து போட வேண்டியதாயிற்று.