மெழுகுத் தட்டில் ஒரு கரப்பான்

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில், வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஓரம் நசுங்கிய ஓர் அலுமினியத் தட்டு இருக்கிறது. பாதி உயரத்துக்குக் கறுப்பு மெழுகு உறைந்திருக்கும். மெழுகு முழுக்க ஊசித் துளைகள். வருகிறவர்கள் பார்ப்பார்கள், கேட்கத் தயங்குவார்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். என் நாத்தனார் கரப்பான்பூச்சிகளை அறுத்த தட்டு அது.

அறுபதுகளில் மாதுங்காவில் இரண்டு அறை வீட்டில் நாங்கள் நால்வர்: மாமியார், என் கணவர், அவருடைய தங்கை, நான். நாத்தனார் விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆண் கரப்பானின் இனப்பெருக்க உறுப்புகள்தான் விஷயம். அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கம்பக்கம் கேட்டால் மாமியார் "ஏதோ பூச்சிப் படிப்பு" என்று முடித்துக்கொள்வார். பால்கனி மூலையில் இந்தத் தட்டு, ஒரு மேஜை விளக்கு, பூச்சிகள் அடைத்த பிஸ்கட் டின். அடுக்களை வேலை முடிந்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த வீட்டில் யாரும் என்னிடம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காத ஒரே இடம் அது.

பூச்சியைத் திறந்தால் வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று கொழுப்பு அடைத்துக் கிடக்கும். அடியில் குட்டிக் குழல்கள் கொத்தாகச் சேர்ந்த ஒரு சுரப்பி, பார்த்ததும் கண்ணில் படும். விந்தகம் என்று அதைத்தான் புதிதாகப் பார்க்கிற எல்லோரும் காட்டுவார்களாம். "மன்னி, எல்லாரும் முதல்ல கொழுப்பைச் சுரண்டிக் கழுவிடறா. பீஜம் அந்தக் கொழுப்புக்குள்ளதான் ஒளிஞ்சிண்டிருக்கு. அதையும் சேர்த்துக் கொட்டிட்டு, பெருசா தெரியறதைக் காட்டறா" என்று சிரிப்பாள். அவள் அவசரப்படமாட்டாள். சுரப்பியிலிருந்து கிளம்பும் நூலிழை போன்ற நாளத்தை ஊசி முனையால் மெல்ல மெல்லத் தொடர்ந்து மேலே போவாள்.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஓடியிருந்தன. தாதரில் பெண் டாக்டர், ஊரிலிருந்து வந்த கஷாயம், குருவாயூர், எல்லாம் பார்த்தாயிற்று. என்னிடம் குறை என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் குறை என்னுடையதுதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். அழுதழுது எனக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரின் அண்ணா செம்பூரிலிருந்து வந்தார். என் அப்பாவை வரவழைத்து என்னைப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிடுவது, பிறகு விவாகரத்துக்கு வழி பார்ப்பது என்று பேச்சு. நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். என் கணவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகத் தணியவில்லை.

அப்போது நாத்தனார் பால்கனியிலிருந்து இந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். தண்ணீருக்கடியில் வயிறு திறந்த ஒரு பூச்சி.

"சிவ சிவா! சாப்பிடற இடத்துல என்னடி இது?" என்று மாமியார் எழுந்துவிட்டார்.

"மாமா, இது ஆண். இதுல பீஜம் எதுன்னு காட்டுங்கோ."

மாமா முகம் சிவந்தார். ஆனாலும் ரிடையர்டு ஹெட்கிளார்க். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெரிய சுரப்பியைச் சுட்டிக்காட்டினார்.

"அது இல்லே. கண்ணுக்குப் பளிச்சுனு தெரியறதை வெச்சு நீங்களா தீர்மானம் பண்ணிட்டேள். மன்னியை எத்தனை டாக்டர் பார்த்தா? அண்ணாவை ஒருத்தராவது பார்த்தாளா?"

"ஆம்பளைக்கு என்னடி குறை? கல்லு மாதிரி இருக்கான்!" என்றார் மாமியார்.

"இந்தப் பூச்சியும் கல்லு மாதிரிதான் இருந்தது. திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

என் கணவர் எழுந்தார். தங்கையைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கு லீவு போடறேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு" என்றார். அந்தக் காலத்தில் ஓர் ஆண் தன் தாயார் முன்னால் அப்படிச் சொல்வது சின்ன விஷயமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மேலிருந்த கோபத்தில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்தேன்.

சோதனையில் அவருக்கு விந்தணுவே இல்லை என்று வந்தது. டாக்டர் அதோடு விடவில்லை. உற்பத்தியில் குறையில்லை, வெளியே வரும் நாளத்தில்தான் அடைப்பு என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார். பலிக்கும் என்று உறுதி சொல்லவில்லை. மாதங்கள் கழித்து மறுபடி சோதித்த நாளில் என்னை உள்ளே கூப்பிட்டு, "நீங்களே பாருங்கள்" என்று நுண்ணோக்கியைக் காட்டினார். குனிந்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் வால் முளைத்த புள்ளிகள் துடித்து நீந்திக்கொண்டிருந்தன. வாசலில் காத்திருந்த நாத்தனாரிடம் ஓடிப்போய், "ஓடறதுடீ! எல்லாம் ஓடறது!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் பிறந்தாள். மாமியார் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் கரப்பானைக் கண்டாலே கட்டிலில் ஏறிவிடும் அவர், ஒருநாள் டம்ளரைக் கவிழ்த்து ஒன்றைப் பிடித்துவைத்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டார். "இது ஆணா பாரு. உனக்கு ஆகுமோன்னோ?" என்றார். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டாள்.

நாத்தனார் டாக்டர் பட்டம் வாங்கிய அன்று இந்தத் தட்டை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன மாதம் அவளுடைய பேத்தி போன் செய்தாள். கல்யாணமாகிக் குழந்தைக்காகக் காத்திருக்கிறவள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைச் சாதாரணமாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும்தான் போனோம் பாட்டி. முதல் டெஸ்ட் அவருக்குத்தான்." போனை வைத்துவிட்டுத் தட்டை எடுத்துத் துடைத்தேன். பிறகு விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்து, தட்டை நடுவில் வைத்தேன்.