விளம்பரத்து ஐஸ்கிரீம்

விளம்பரப் படங்களுக்குச் சாப்பாட்டை அலங்கரித்துக் கொடுப்பது என் தொழில். படப்பிடிப்பு விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் நிமிஷத்தில் உருகி ஓடிவிடும். அதனால் எங்கள் தோட்டத்து உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, ரோஸ் சாயம் கலந்து உருட்டி வைப்பேன்.

நேற்று வீட்டிலும் அந்தக் கிழங்குதான் சமைத்தேன். செல்போனில் தொடர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "தோட்டத்துக் கிழங்கு இன்னும் தீரலையா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அந்த நேரம் பார்த்து என் ஐஸ்கிரீம் விளம்பரம் வந்து தொலைத்தது. மாசாமாசம் சந்தா கட்டியும் இந்த இழவு விடுகிறதா?

மனுஷர் கண் கொட்டாமல் பார்த்தார். "ஐஸ்கிரீம்னா இதுதான்!"

"அது நம்ம கிழங்குங்க! நான்தான் மசிச்சு உருட்டினேன்!" என்று கத்தினேன்.

"சும்மா இரு. பார்க்கும்போதே நாக்கு ஜில்லுங்குது. நீ செஞ்சது என்னைக்கு இப்படி இருந்திருக்கு?"