இரண்டு கலண்டர்களும் ஒரு றோல்ஸ் கடையும்

எண்ணெய் மணம் முதலில் ஜக்கெற்றில்தான் ஏறும். பிறகு தலைமுடியில். காலையில் கடையில் றோல்ஸ் பொரித்துவிட்டு அப்படியே யூனிவர்சிட்டிக்கு பஸ் ஏறுவேன். ஹீற்றர் போட்ட பஸ்ஸுக்குள் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குப் பசி வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன்…

ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய சாப்பாட்டுக் கடை அது. றோல்ஸைச் சுற்றும் பான்கேக்கைச் சித்தி சுடுவார். உள்ளே வைக்கும் கறி அம்மாவினது. ஒருவர் வேலையை மற்றவர் தொடமாட்டார்கள்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் ஒரு கொரிய நாடகம். நூடில்ஸ் கம்பனி வைத்திருக்கும் ஒரு குடும்பம். தலைவரின் நாற்காலிக்கு இரண்டு மகன்மார் அடிபடுகிறார்கள். இந்த வின்ரர் முழுக்க அம்மா அதைத்தான் பார்க்கிறார். சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்லவேண்டும். பெயர்கள் வாயில் நுழையாததால் அம்மாவுக்கு எல்லாரும் மூத்தவன், சின்னவன், சின்னவன்ரை பெண்சாதி.

"உவள் சிரிக்கிற சிரிப்பைப் பார். கம்பனியை முழுசா விழுங்கப்போறாள்."

அப்பா, "உங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்பார். எழுந்து போகமாட்டார்.

போன கிழமை ஒரு காட்சி. புதிய தொழிற்சாலையின் திறப்பு விழா. மூத்தவன் கோட்டும் சூட்டுமாக வந்து இறங்குகிறான். ரிப்பன் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. எல்லாரும் கை தட்டி முடித்துவிட்டார்கள்.

அப்பா சட்டென்று சொன்னார். "அவனுக்கு நேரத்தை மாத்திச் சொல்லியிருக்கிறாங்கள்."

அம்மா ரிமோட்டை எடுத்து நாடகத்தை நிறுத்தினார். எனக்கும் அம்மாவுக்கும் அது எந்தத் திறப்பு விழா என்று தெரியும்.

எங்கள் கடை நன்றாக ஓடத் தொடங்கிய காலம். பக்கத்து நகரமான மார்க்கத்தில் இன்னொரு கடை போடவேண்டும் என்று சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். கேற்றரிங், கலியாண ஓடர் என்று அவருக்குப் பெரிய கனவுகள். அப்பாவுக்கு விருப்பமில்லை. "இருக்கிறதை ஒழுங்காப் பார்ப்பம்" என்றார். ஆனாலும் தம்பி கேட்டதால் ஒத்துக்கொண்டார். அதற்குள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

புதுக் கடையில் பால் காய்ச்சும் நாள் முடிவானது. குடும்பத்தில் மூத்தவர் அடுப்பைப் பற்றவைப்பது எங்கள் வழக்கம்.

"நல்ல நேரத்துக்கு வந்திடுங்கோ அண்ணை."

"ஓம்."

அவ்வளவுதான் பேச்சு. அது எத்தனை மணி என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் ஊரிலிருந்து வந்த கலண்டர். அதில் போட்டிருக்கும் நல்ல நேரத்தை அப்பா அப்படியே ரொறன்ரோ நேரமாக எடுப்பார். ஊரில் சூரியன் எப்போது உதிக்கிறது, இங்கே எப்போது உதிக்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. சித்தப்பா வைத்திருந்தது இங்கத்தைய கோயிலில் கொடுத்த கலண்டர். இங்கத்தைய நேரத்துக்குக் கணித்தது.

நாங்கள் பட்டும் வேட்டியுமாக, நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு போய் இறங்கினோம். பால் பொங்கி, ஆறி, பேப்பர் கப்புகளில் எல்லாருக்கும் கொடுத்து முடிந்திருந்தது. சித்தி எனக்கும் ஒரு கப் நீட்டினார். அப்பா வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தார். பிறகு திரும்பிப்போய்க் காரில் ஏறினார்.

'என்னை ஒதுக்கத்தான் முந்திக் காய்ச்சினவன்' என்றார் அப்பா. 'பொறாமையில பிந்தி வந்தவர்' என்றாராம் சித்தப்பா. அந்த வருடமே கடை பிரிந்தது. எங்கள் கடையில் பான்கேக் எண்ணெய்க்குள் வெடித்தது. அவர்களுடைய கறியில் ருசி இல்லை என்று சனம் சொன்னது. இரண்டும் கொஞ்சக் காலம் இழுபட்டு ஓடி, மூடப்பட்டன. கலியாண வீடுகளில் சந்தித்தால் "சுகமா இருக்கிறியளோ?" என்பதோடு சரி.

நிறுத்திய ரீவிக்கு முன்னால் அம்மா கேட்டார்.

"உங்களுக்கு ஆர் நேரத்தை மாத்திச் சொன்னது? உங்கடை கலண்டர்தானே."

சித்தப்பாவின் மகள் விட்பியில் வீடு வாங்கி, சனிக்கிழமை பால் காய்ச்ச வரச்சொல்லி அனுப்பிய மெசேஜ் என் போனில் பதில் இல்லாமல் கிடந்தது. கடை பிரிந்த பிறகு சித்தப்பா வீட்டு விசேஷம் எதற்கும் அப்பா போனதில்லை.

இரண்டு நாள் கழித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "பிள்ளை, சனிக்கிழமை எத்தினை மணிக்கெண்டு வடிவாக் கேள்" என்றார்.

கேட்டுச் சொன்னேன். ஆனாலும் சனிக்கிழமை விடியவே வேட்டியோடு வந்து நின்றார். விட்பியில் அந்த வீதியிலேயே யாரும் எழும்பவில்லை. அப்பா இறங்கமாட்டேன் என்று காருக்குள்ளேயே இருந்தார்.

கராஜ் கதவு திறந்தது. சித்தப்பா. வேட்டிக்கு மேலே வின்ரர் ஜக்கெற். கண்ணாடியில் தட்டினார்.

"என்ன அண்ணை, இந்த முறை நேற்றையான் கலண்டரோ?"

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

அடுப்பை அப்பாதான் போட்டார். மேலே கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு. நெருப்பே தெரியாததால், "பத்திட்டுதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்குக் கடையில் காஸ் அடுப்பு, பால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இது பொங்குவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது. இரண்டு கிழவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்…

பிறகு சாப்பாடு வந்தது. மரக்கறி றோல்ஸ், கடையில் வாங்கியது. ஒரு காலத்தில் பாதி ஸ்காபரோவுக்கு றோல்ஸ் கொடுத்த குடும்பம்.

சித்தி ஒரு கடி கடித்துவிட்டு, "பான்கேக் தடிப்பு" என்றார்.

அம்மா மென்று பார்த்து, "கறியும் சரியில்லை" என்றார்.

இரண்டு பேரும் ஆளுக்கு இன்னொன்று எடுத்தார்கள்.