நான் வாசிக்காமல் விட்ட பந்தி

2010ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் ஒரு தேநீர்க் கடையில் இது நடந்தது.

அந்தக் கடையின் மூலை மேசை சனிக்கிழமைகளில் என்னுடையது. யாழ்ப்பாணத்தில் பட்டதாரி ஆசிரியராக இருந்தவன் நான். இங்கே வந்து பிரெஞ்சையும் ஒழுங்காகப் படித்துக்கொண்டேன். பிரெஞ்சில் கடிதம் வந்தால் விளங்காமல் தவிப்பவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். வாசித்துச் சொல்வேன், பதிலும் எழுதிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை, ஒரு பிளேன்ரீ போதும். "மாஸ்ரருக்கு முன்னாலை நிக்கிற வரிசை விசாக் கந்தோரிலைகூட இல்லை" என்று கடைக்காரர் பகிடி விடுவார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அன்று வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புடவைக் கடையொன்றில் காசாளராக இருந்தவர். முந்தைய வருடம் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு, வாங்கிய மீன் பழுதென்று திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். வாடிக்கையாளர்கள் முன்னால் வாக்குவாதம் முற்றி, முதலாளி அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அவருக்குப் பின்னால், சாமான் இறக்குவதற்காக நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. படிகளில் விழுந்ததில் முன்பல் மூன்று போய்விட்டது. புடவைக் கடையில் அவரைக் காசுமேசையிலிருந்து எடுத்து, பின்னால் துணி மடிக்க விட்டார்கள். சில மாதங்களில் அந்த வேலையையும் விட்டு, விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போனார். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவார்.

வழக்கு நடந்தது. மளிகைக் கடை முதலாளி குற்றவாளி, நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. மூன்று மாதமாகியும் ஒரு சதமும் வரவில்லை. தீர்ப்பையும் அதனோடு வந்த தாள்களையும் என் முன்னால் வைத்தார்.

ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசித் தாளின் கடைசிப் பந்தியில் ஒரு வழி எழுதியிருந்தது. குற்றவாளி இரண்டு மாதத்தில் கட்டாவிட்டால், பாதிக்கப்பட்டவர் ஒரு பொது நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அவர்கள் முதலில் ஒரு பகுதியைக் கையில் கொடுப்பார்கள். பிறகு முழுத் தொகையையும், தங்கள் செலவையும் சேர்த்து, குற்றவாளியிடம் தாங்களே அறவிடுவார்கள். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த நாட்டில் வீட்டுக்குக் காப்புறுதி கட்டுகிற எல்லோரிடமும் வருடத்துக்குச் சில யூரோ அந்த நிதிக்கென்று எடுக்கிறார்கள். என்னிடமும் எடுக்கிறார்கள்.

அந்தப் பந்தியை நான் வாசிக்கவில்லை.

காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த முதலாளியின் தம்பிக்கும் என் மகளுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதம், பாரிசுக்கு வெளியே எபினேயில் மண்டபம் எடுத்தாயிற்று. நிதி அலுவலகத்தின் கடிதம் முதலாளிக்குப் போனால், யார் இதைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார். லா சப்பலில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது.

தாளை மடித்தேன். "இவ்வளவுதான் பிள்ளை. கட்டாட்டில் நேரை போய்க் கேக்கவேணும். நான் கதைக்கிறன்" என்றேன்.

"வேறை ஒண்டும் இல்லையோ மாஸ்ரர்?"

"இல்லை."

அவர் எழுந்து நின்று, கையை வாயிலிருந்து எடுக்காமல், "மகளின்ரை கலியாணம் வருதெல்லோ. அது முடியட்டும், நான் பொறுப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளியிடம் ஒரு தடவை கதைத்தேன். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "மாஸ்ரர், நீங்கள் எங்கடை பக்கமோ அவவின்ரை பக்கமோ?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. அந்தப் பெண் இரண்டு தரம் வந்து விசாரித்தார். கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒரு வருடக் கெடு எந்த நாளில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். அந்த நாள் போனபோது மனம் இலேசானது. இதை எழுதவே கூசுகிறது.

2012 சித்திரையில் அவர் மறுபடி வந்தார். அதே தாள்கள். கடைசிப் பந்திக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்து, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, அந்தப் பந்தியைப் பிரெஞ்சில் முழுதாக வாசித்தார். நான் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்னேர வகுப்புக்குப் போறனான் மாஸ்ரர். வீட்டிலை இருக்கிற கடிதம் ஒண்டைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னவை. என்னட்டை இதுதான் இருந்தது" என்றார். பிறகு, "எனக்கு விளங்கினது சரியோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. சட்டம் பிறகு வந்தது, தாள் மாறிவிட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"சரிதான்" என்றேன். "அண்டைக்கு எனக்கும் விளங்கினது. வேணுமெண்டுதான் விட்டனான்."

அவர் சத்தம் போடவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அந்தத் தொகையை நானே தருகிறேன் என்றேன்.

"உங்கடை காசு எனக்கென்னத்துக்கு? தள்ளினவர் கட்டவேணும்."

"கெடு முடிஞ்சுது பிள்ளை."

"பிந்தினதுக்குச் சரியான காரணம் இருந்தால் எழுதிக் கேக்கலாமாம், ரீச்சர் சொன்னவ." ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினார். "காரணம் நீங்கள்தானே மாஸ்ரர். எழுதுங்கோ."

அங்கேயே எழுதினேன். தாளைத் திருப்பி வைத்து வாசித்தவர் ஒரு சொல்லில் நின்றார். தவறான புரிதலால் அந்தத் தகவல் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று எழுதியிருந்தேன்.

"இது விளங்காமல் விட்டது எண்டெல்லோ வருது? உங்களுக்கு விளங்கினதுதானே?"

முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டவன் நான். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவருக்கு அப்போது பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, என்னை நம்பினார், என் குடும்பத்தின் நன்மைக்காக அந்தப் பந்தியை வேண்டுமென்றே மறைத்தேன். பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவர் இன்னொரு தரம் வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

சில மாதங்களில் பதில் வந்தது. காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள். முதல் பகுதி அவர் கைக்கு வந்தது. மிச்சத்தை முதலாளியிடம் மாதாமாதம் அறவிடத் தொடங்கினார்கள். என்னைச் சிரித்துச் சமாளித்தவருக்கு அவர்களிடம் அது பலிக்கவில்லை.

விஷயம் லா சப்பல் முழுக்கப் பரவியது. சம்பந்தி வீட்டில் என்னை வரவேண்டாம் என்றார்கள். பேரனுக்கு ஒரு வயது ஆகும்வரை படத்தில்தான் பார்த்தேன். மகள் தொலைபேசியில் ஒன்று மட்டும் சொன்னாள்: "எனக்காகத்தான் மறைச்சனீங்கள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அப்பா." அவள் சொன்னது நியாயம். அவளுக்காக என்று நானே எனக்குச் சொல்லிவந்ததும் அன்றோடு நின்றது.

இரண்டு மாதம் மேசைக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது ஒருவர் கடிதத்தை நீட்டி, "இதையாவது முழுசா வாசிப்பியளோ மாஸ்ரர்?" என்றார். கடைக்காரர்கூடச் சிரித்தார். முழுசா வாசிக்கிறேன் என்று சொல்லி, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் விலாசம்வரை வாசித்துக் காட்டினேன். இன்றும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

சில வருடங்கள் கழித்து லா சப்பல் மெத்ரோப் படிகளில் அந்தப் பெண்ணைக் கண்டேன். மறுபடி ஒரு கடையில் காசுமேசையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கூட வந்த சினேகிதி ஏதோ சொல்ல, சிரித்தார். வரிசையாக, நல்ல பற்கள். ஆனால் சிரிப்பு வந்த அதே கணம் கை தானாக எழும்பி வாயை மூடியது. என்னைக் கண்டு தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பற்களை அந்த நிதி மீட்டுக் கொடுத்தது. அந்தக் கை வாய்க்குப் போகப் பழகிய வருடங்களில் எத்தனை என்னால் வந்தவை என்ற கணக்கை மட்டும் எந்த அலுவலகமும் என்னிடம் கேட்கவில்லை, அதனால்தான் இன்னும் நானே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.