கடல் பார்க்கப் போன சம்பந்திமார்

சோற்றுக் கிடாரத்தின் அடியில் அகப்பை உரசிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குருக்கள்மடத்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் தங்கைக்குக் கல்யாணம். அப்பா படுக்கையில் இருந்ததால் வந்தவர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. செங்கலடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து நின்றவை இரண்டு. சடங்கு முடியும்வரை மாப்பிள்ளையின் நெருங்கிய சொந்தங்கள் மணவறைப் பக்கமே இருக்க, மற்றவர்களுக்குப் பந்தி போட்டு முடித்தோம். அப்போதுதான் சமையல்காரர் என்னைப் பின்பக்கக் குசினிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, மிச்சம் பத்து இலைக்குத்தான் காணும். அரிசி இரிக்கி. ஆனா உலை வெச்சு வடிக்க நேரம் வேணும்."

உள்ளே சாப்பிடாமல் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல். அத்தனை பேரும் சம்பந்திமார். நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளையின் பெரியம்மா கை கழுவ வந்து குசினி வாசலில் நிற்கிறார். அவர் என்றால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உள்ளூரப் பயம். நிச்சயம் பேச வந்த அன்று ஒரு வாய் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பால் அடிப்பிடிச்சிட்டுப் போல" என்று கோப்பையை வைத்தவர். இப்போது கிடாரத்தைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். திரும்பி நடந்தார். கதை பஸ்ஸுக்கு முன்னால் செங்கலடி போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மண்டபத்தின் நடுவில் நின்று அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டார். "எல்லாரும் எழும்புங்க. இவ்வளவு தூரம் வந்திட்டுக் கடலைப் பாக்காமப் போறதா? பொண்ணு மாப்பிளையையும் கூட்டிட்டுப் போவம். மறுகா வந்து ஆறுதலாச் சாப்பிடுவம்."

"பசிக்கிது அக்கா" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"காலையில திண்ட இடியப்பம் எங்க போன?"

சிரிப்போடு எல்லோரும் எழும்பிவிட்டார்கள். படம் எடுக்க வந்தவருக்குத்தான் பெரிய சந்தோசம். பட்டுச் சேலைகளும் வேட்டிகளுமாக அந்தக் கூட்டம் பெரிய தெருவைக் கடந்து மணல் ஒழுங்கைக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஓடிப்போய் அடுப்புகளுக்கு விறகு தள்ளினேன். மச்சான்மார் பக்கத்துத் தோட்டத்தில் கத்தரிக்காய் பிடுங்கி வந்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சேலைக் கரைகள் நனைய, பிள்ளைகளின் காலெல்லாம் மணலாக அவர்கள் திரும்பி வந்தபோது இலைகளில் சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பெரியம்மா எல்லோரையும் இருத்திவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தார். கத்தரிக்காய்க் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். பஸ் ஏறும்போது அம்மாவின் கையைப் பிடித்து, "ஒரு குறையும் இல்ல மச்சாள்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். செங்கலடியில் அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. தங்கையின் கல்யாண அல்பத்தில் ஆக அழகான படங்கள் கடற்கரையில் எடுத்தவைதான். எதற்காகப் போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

போன வருடம் பெரியம்மாவின் பேரனுக்குக் கல்யாணம். இப்போதெல்லாம் சாப்பிடுகிறவரின் கதிரைக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுகிறார். கையில் போன், கண் இலையில். அவசரப்பட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது. அன்றும் அப்படிச் சாப்பிட்டுவிட்டுப் பெரியம்மாவின் பக்கத்தில் போய் இருந்தேன். முழங்கால் வலியோடு இருந்தாலும் வருகிற எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். நெடுநாள் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"பெரியம்மா, அண்டைக்குக் கிடாரத்தைப் பாத்திட்டுத்தானே எல்லாரையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கிடாரம்? நான் கை கழுவத்தானே தம்பி வந்தன்" என்றார்.